டைனோ கிரைசிஸ் 2: புள்ளி சேர்க்கும் வழி, செலவழிக்கும் வழி

முதல் டைனோ கிரைசிஸ் வீடியோ கேமை ஆடிவிட்டு இரண்டாம் பாகத்துக்கு வருபவர்கள் செய்யும் பெரிய தவறு பதுங்கி ஆடுவது. 1999-இல் காப்காம் வெளியிட்ட முதல் பாகத்தில் தோட்டா அரிது, டைனோசரைக் கண்டால் கதவைச் சாத்திக்கொண்டு ஓடுவதே புத்திசாலித்தனம். 2000-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த இரண்டாம் பாகத்தில் அந்தப் பழக்கமே உங்களைக் கொன்றுவிடும். இங்கே ஒவ்வொரு டைனோசரும் காசு. கொன்றால் புள்ளி, புள்ளிக்குத் தோட்டா, மருந்து, புதுத் துப்பாக்கி. ஓடித் தப்பிக்கொண்டே போனால் ஆட்டத்தின் பிற்பாதியில் கை காலியாக நிற்பீர்கள்.

இப்போது ஆட எளிதான வழி, 2025 ஜனவரியில் ஜிஓஜி என்ற கேம் விற்பனைத் தளத்தில் வந்த கணினிப் பதிப்பு. 2002-இல் வந்த பழைய கணினி வட்டை இன்றைய விண்டோஸில் ஓடவைக்க மல்லுக்கட்ட வேண்டாம். கீபோர்டைவிட கேம்பேட் நல்லது. படத்தை அகலத் திரைக்கு இழுக்காமல் 4:3 அளவிலேயே விடுங்கள். பின்னணி முழுக்க முன்கூட்டியே வரைந்த படங்கள், இழுத்தால் எல்லாம் குள்ளமாகிவிடும்.

புள்ளி எப்படி ஏறுகிறது என்று புரிந்துகொண்டால் பாதி ஆட்டம் முடிந்த மாதிரி. ஒரு டைனோசரைக் கொன்ற சில நொடிகளுக்குள் அடுத்ததையும் கொன்றால் காம்போ எண்ணிக்கை கூடும், அதற்குத் தனி போனஸ். பாய்ந்து வருவதை அந்தத் தருணத்திலேயே சுட்டு வீழ்த்தினால் எதிர்த்தாக்குதல் போனஸ். ஓர் இடத்துக்குள் நுழைந்து ஒரு கீறல்கூடப் படாமல் வெளியேறினால் அதற்கும் ஒரு தொகை உண்டு, அந்த இடத்தைவிட்டு வெளியேறும்போது அது சேரும். ஆகவே நான்கு ராப்டர்களைத் தனித்தனியாக நிதானமாகக் கொல்வதைவிட, நான்கையும் அடுத்தடுத்து அடிபடாமல் வீழ்த்துவது எவ்வளவோ லாபம்.

நீங்கள் ஆடும் இரு பாத்திரங்களில் ஒருவனான டிலனாகக் காட்டுப் பாதையில் போகும் தொடக்கக் கட்டத்திலேயே இதைப் பழகிவிடுங்கள். வெலாசிராப்டர்கள் ஒன்று விழுந்ததும் இன்னொன்று புதரிலிருந்து குதிக்கும். நடுவில் நின்றால் முதுகில் பாயும். பாதையின் ஒரு முனைக்குப் போய், அவை முன்பக்கமிருந்து மட்டும் வரும்படி நில்லுங்கள். குறி பொத்தானை அழுத்தியே வைத்திருங்கள். ஷாட்கன் குண்டு சிதறிப் போவதால், இரண்டு ராப்டர்கள் சேர்ந்து நெருங்கும்வரை ஒரு கணம் பொறுத்துச் சுட்டால் இரண்டுக்கும் படும். தூரத்திலேயே சுடத் தொடங்குபவர்களுக்குத் தோட்டாவும் வீண், காம்போவும் அறுந்துபோகும். இந்தப் பாகத்தில் நகர்ந்துகொண்டே சுடலாம் என்பதை மறக்காதீர்கள். ஒவ்வொரு சூட்டுக்கும் இடையில் இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள்.

பெரும்பாலும் அடி வாங்குவது கேமராவால்தான். கோணம் ஓரிடத்தில் நிலையாக இருக்கும், டைனோசர் திரைக்கு வெளியிலிருந்து வரும். கோணம் மாறும் கோட்டின்மீது நின்று சண்டை போடாதீர்கள், ஓரடி முன்னும் பின்னும் போனாலே படம் புரண்டு திசை குழம்பிவிடும். உறுமல் கேட்டு உருவம் தெரியவில்லையென்றால், வரக்கூடிய திசையை நோக்கிச் சுடத் தயங்க வேண்டாம்.

விட்டுப் போன இடத்துக்குத் திரும்பி வந்தால் டைனோசர்களும் திரும்பி வரும். சேவ் டெர்மினலுக்கு (ஆட்டத்தைச் சேமிக்கும் கணினி) பக்கத்து இடத்தைப் பிடித்துக்கொண்டு, போய்க் கொன்று, வந்து நிரப்பி, மீண்டும் போவது நேர்மையான வழிதான். ஆட்டமே அதற்காகத்தான் அப்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

கடையும் அந்த டெர்மினலேதான். கையிலுள்ள துப்பாக்கிக்குத் தோட்டா, ஒன்றிரண்டு ஹீமோஸ்டாட் (ரத்தப்போக்கை நிறுத்தும் மருந்து), பிறகு தோட்டாக் கொள்ளளவை உயர்த்துவது, அதன்பின்தான் புது ஆயுதம் என்ற வரிசையைப் பரிந்துரைக்கிறோம். விலை உயர்ந்த துப்பாக்கியை வாங்கிவிட்டு அதற்குத் தோட்டா போடப் புள்ளி இல்லாமல் நிற்பதுதான் வழக்கமான கோளாறு. ஹீமோஸ்டாட்டை அலட்சியம் செய்யாதீர்கள். ரத்தம் சொட்டத் தொடங்கிவிட்டால் நீங்கள் சும்மா நின்றாலும் உயிர் குறைந்துகொண்டே வரும், ஹீமோஸ்டாட் போட்டால் அது நிற்கும்.

டிலனும் இன்னொரு பாத்திரமான ரெஜினாவும் மாறி மாறி வருவார்கள். ஒருவர் ஆயுதம் இன்னொருவர் கைக்குப் போகாது. அதனால் ஒருவருக்கே எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள். டிலனின் வெட்டுக்கத்தி கதவை மூடிய கொடிகளை அறுக்கும். ரெஜினாவின் ஸ்டன் கன் செயலிழந்த மின்பூட்டுகளைத் திறக்கும். ஒருவருடன் போகும்போது திறக்க முடியாத கதவைப் பார்த்தால் அந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டத்தில் வரும் தேர்ட் எனர்ஜி நிலையத்தின் நீருக்கடிப் பகுதி பலருக்குச் சலிப்பூட்டும். அங்கே ரெஜினா நீச்சல் கவசத்தில் மெதுவாகத்தான் நகர்வாள், வழக்கமான துப்பாக்கி வேலை செய்யாது, ஊசித் துப்பாக்கிதான். ஓட நினைக்காதீர்கள், தாவி மேலே எழுந்து, இறங்கும்போது சுடுங்கள். நீரில் வாழும் மோசாசாரஸ் பாய்வதற்குமுன் ஒதுங்கிக்கொள்ள அந்தத் தாவல்தான் ஒரே வழி.

ஓவிராப்டர் தூரத்தில் நின்றே நஞ்சை உமிழும்; அதை முதலில் முடித்துவிட்டு மற்றதைப் பாருங்கள். அலோசாரஸிடம் ஷாட்கனோடு நெருங்குவது தற்கொலை, எட்ட நின்று அடியுங்கள். ஒரு கண் குருடான டி-ரெக்ஸ் கால்நடையாக இருக்கும் உங்களைத் துரத்தினால் ஓடிவிடுங்கள், அதனிடம் தோட்டா செலவழிக்காதீர்கள். டேங்கில் ஏறும் கட்டத்தில் கணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக டைனோ கோப்புகள். ஆட்டத்தில் வரும் 11 இனங்களுக்கும் ஒவ்வொன்று, அவசரத்தில் ஓடுபவர்கள் தவறவிடுவார்கள். பதினொன்றையும் சேர்த்தால் இபிஎஸ் பிளாட்டினம் கார்டு கிடைக்கும், பிறகு தோட்டா தீராது. ஆட்டத்தை முடித்தவர்களுக்கு டைனோ கொலோசியம் திறக்கும். சேர்த்த புள்ளியைக் கொண்டு புதுப் பாத்திரங்களை, டைனோசர்களையேகூட, வாங்கி ஆடலாம்.