ஜப்பான் பீங்கானைக் கவிழ்த்துப் பாருங்கள்

என் முதல் ஜப்பான் பூச்சாடியை அதன் முகத்தைப் பார்த்துதான் வாங்கினேன். ரோஜாவும் தங்கக் கோடும் மயக்கிவிட்டன. இப்போதெல்லாம் எதைக் கையில் எடுத்தாலும் முதலில் கவிழ்த்துவிடுகிறேன். வயது அடிப்பாகத்தில்தான் எழுதியிருக்கும்.

எழுத வைத்தது அமெரிக்கச் சுங்கம். இறக்குமதிச் சரக்கில் செய்த நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்ற 1890-ஆம் ஆண்டு மெக்கின்லி சட்டம், 1891-இல் அமலுக்கு வந்தது. ஜப்பான்காரர்கள் தங்கள் நாட்டைத் தாங்கள் அழைக்கும் 'நிப்பான்' என்ற பெயரை ஆங்கில எழுத்தில் போட்டு அனுப்பினார்கள். முப்பது வருடம் கழித்து, 1921-இல்தான் அதிகாரிகளுக்கு உறைத்தது: அது ஜப்பானியச் சொல்லாயிற்றே! அதன்பின் 'ஜப்பான்', 'மேட் இன் ஜப்பான்'. 'ஆக்குபைட் ஜப்பான்' (ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்) என்றிருந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தையது. 1952-இல் நேச நாடுகளின் ஆக்கிரமிப்பு முடிந்ததோடு அந்த முத்திரையும் போயிற்று.

முத்திரையே இல்லையா? உடனே 1891-க்கு முந்தையது என்று துள்ள வேண்டாம். காகித லேபிள் ஒட்டி வந்து உதிர்ந்திருக்கலாம், அமெரிக்காவுக்கே போகாத சரக்காகவும் இருக்கலாம்.

சரி, என் பூச்சாடிக்கு வருகிறேன். அடியில் பச்சை இலை வளையம், கீழே 'நிப்பான்'. நொரிடாக்கே என்ற பீங்கான் நிறுவனத்தின் பழைய முத்திரை என்று நம்பினேன். அந்த வளையத்துக்குள் அதை நிறுவிய மொரிமுரா குடும்பப் பெயரின் 'எம்' எழுத்து இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து உருப்பெருக்கியில் பார்த்தால் மணற்கடிகாரம் மாதிரி ஓர் உருவம்! போலி முத்திரைகளில் பேர்போன ஒன்று அது.

'ஆக்குபைட் ஜப்பான்' முத்திரையில் சந்தேகம் வந்தால் பஞ்சில் நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொட்டு முத்திரையை மட்டும் துடைத்துப் பாருங்கள். கண்ணாடிப் பூச்சுக்கு அடியில் இருக்கும் முத்திரை அசையாது. மேலே பிற்பாடு குத்தியது கரைந்து வரும். தங்கத்தில் மட்டும் பட்டுவிடக் கூடாது.

ஜப்பானின் சத்சுமாப் பாண்டம் வேறு சாதி. தந்த நிற மண், மேலே வலை பின்னியது போல் மெல்லிய வெடிப்புகள். வட்டத்துக்குள் சிலுவை போட்ட, சத்சுமாவை ஆண்ட ஷிமாசு குலத்தின் சின்னத்தைக் கண்டு மயங்காதீர்கள், பிற்காலத்துச் சாமான்களிலும் அதைத் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள். இமாரிப் பீங்கான் என்கிறார்களே, இமாரி என்பதோ அதைக் கப்பலேற்றிய துறைமுகத்தின் பெயர். சுட்டது பக்கத்து அரித்தாவில். அரித்தாத் தட்டின் அடியில் சூளையில் முட்டுக்கொடுத்த சின்னப் புள்ளித் தழும்புகள் இருந்தால் எனக்குச் சந்தோஷம்.

அப்புறம் தங்கம். கை படுகிற இடத்தில், விளிம்பில், கைப்பிடியில் அது தேய்ந்திருக்க வேண்டும். என் போலிச் சாடியின் கைப்பிடி கல்யாணப் பெண்ணின் வளையல் மாதிரி மின்னியது. கடையில் அதை ரசித்துக்கொண்டு நின்றேனே!