எக்ஸ்எம்எல் வெளியீடு கைமீறிப் போகும் இடங்கள்

ஸ்கிரிப்டிங் மொழியில், எக்ஸ்எம்எல் (டேக்குகளால் தரவைக் குறிக்கும் வடிவம்) மூலம் வேறு நிரல்களுக்குத் தரவு அனுப்பும் வெப் சர்வீஸ் எழுதும்போது பலரும் ஒரு ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடரை) எடுத்து, டேக்குகளையும் மதிப்புகளையும் அதில் ஒட்டிக்கொண்டே போய், கடைசியில் எக்கோ கட்டளையால் அப்படியே வெளியே அனுப்பிவிடுகிறார்கள். சோதிக்கும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடும். ஒருநாள் யாராவது தன் நிறுவனத்தின் பெயரில் & வைத்திருப்பார், அவ்வளவுதான், எதிர்முனையில் அதைப் படித்துப் பிரிக்கும் பார்சர் மொத்த ஆவணத்தையும் ஏற்க மறுத்துவிடும். எச்டிஎம்எல் தவறுகளைப் பொறுத்துக்கொண்டு போவது போல எக்ஸ்எம்எல் போகாது, இலக்கணப் பிழை வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும் என்பதுதான் அதன் விதி.

சரி, எஸ்கேப் செய்துவிடலாம் (இத்தகைய குறிகளை மாற்று வடிவில் எழுதிவிடலாம்) என்று பிஎச்பியின் எச்டிஎம்எல்என்டிட்டீஸ் ஃபங்ஷனைப் போடாதீர்கள். எக்ஸ்எம்எல்லுக்குத் தானாகத் தெரிந்த என்டிட்டிகள் (ஒரு குறிக்குப் பதிலாக எழுதும் பெயர்கள்) ஐந்தே ஐந்து குறிகளுக்குத்தான்: <, >, &, ஒற்றை மேற்கோள், இரட்டை மேற்கோள். அந்த ஃபங்ஷன் செய்வதுபோல் காப்பிரைட் குறியைப் பெயர் வைத்து அனுப்பினால் பார்சருக்கு அது என்னவென்றே தெரியாது. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் எழுத்தை அப்படியே அனுப்புவதுதான் சரி.

லைப்ரரி இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்றும் விட்டுவிட முடியாது. பிஎச்பியின் சிம்பிள்எக்ஸ்எம்எல் லைப்ரரியில் ஆட்சைல்டு ஃபங்ஷன் < குறியை எஸ்கேப் செய்யும், & குறியைச் செய்யாது. இன்னொரு லைப்ரரியான டாம்டாக்குமென்டின் கிரியேட்எலிமென்டுக்கு இரண்டாவது மதிப்பாக உரையைக் கொடுத்தாலும் & வந்தால் இதே சிக்கல்தான். எலிமென்டைக் காலியாக உருவாக்கி, உரையை கிரியேட்டெக்ஸ்ட்நோடு வழியாகச் சேருங்கள். அப்புறம், குறியீட்டு எண் 32க்குக் கீழே உள்ள, கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டு எழுத்துகளில் 9, 10, 13 மூன்றை மட்டும்தான் எக்ஸ்எம்எல் 1.0 அனுமதிக்கிறது. மற்றவற்றை எண் வடிவில் எழுதினாலும் செல்லாது. எங்கிருந்தோ காப்பி செய்து ஒட்டிய உரையில் இவை ஒளிந்து வரும், அனுப்பும் முன் நீக்கித்தான் ஆக வேண்டும்.

எனக்கு மிகவும் ஆபத்தாகத் தெரிவது, மதிப்பைப் பார்த்துத் தானாக வகையை ஊகிக்கும் வசதி. பெர்ல் மொழியின் சோப்::லைட் லைப்ரரியில் (சோப் என்பது கோரிக்கையையும் பதிலையும் எக்ஸ்எம்எல்லாக அனுப்பும் முறை) ஒரு பொருளின் குறியீடு 4521 என்றால் அது முழு எண்ணாகப் போகும், 45ஏ1 என்றால் ஸ்ட்ரிங்காகப் போகும். ஒரே புலம், ஆனால் பதிவுக்குப் பதிவு வகை மாறுகிறது! பெயரில் ஆஸ்கிக்கு (அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுப்புக்கு) வெளியே ஒரு எழுத்து வந்துவிட்டால் இன்னும் மோசம், அந்த மதிப்பு பேஸ்64 குறியாக்கத்துக்கு, அதாவது அப்படியே படிக்க முடியாத எழுத்துக் கோவையாக, மாறிவிடும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்தவர் கண்ணில் இது படவே படாது, உண்மையான பயனர்கள் வந்த பிறகுதான் வெடிக்கும். எல்லாப் புலத்துக்கும் சோப்::டேட்டா மூலம் வகையை நீங்களே சொல்லிவிடுங்கள், சோம்பல்படாதீர்கள்.

பிஎச்பி சோப் பக்கம் வேறொரு தொல்லை. பதிலில் இரண்டு உருப்படி வந்தால் அர்ரே (பட்டியல்), ஒன்றே ஒன்று வந்தால் வெறும் ஆப்ஜெக்ட். லூப் அங்கே சறுக்கும். எப்போதும் அர்ரேவாகவே தரச் சொல்லும் ஒரு ஃபீச்சர் செட்டிங் இருக்கிறது, அதை இயக்கிவிடுங்கள். டபிள்யூஎஸ்டிஎல்லை (சேவையை விவரிக்கும் ஃபைலை) மாற்றியும் பழையபடியே வெளியீடு வருகிறதா? கேஷைப் (அந்த ஃபைலின் சேமித்து வைத்த நகலைப்) பாருங்கள், இயல்பாக அது 86400 வினாடி, அதாவது ஒரு முழு நாள், அப்படியே இருக்கும்.

ஆவணத்தின் தொடக்கத்தில் வரும் எக்ஸ்எம்எல் அறிவிப்புக்கு முன்னால் ஒரு வெற்று வரி வந்தாலே பார்சர் மறுத்துவிடும். இன்குளூட் செய்த ஏதோ ஒரு ஃபைலில், மூடும் ?> குறிக்குப் பின்னால் கூடுதலாக இருக்கும் வரிகள்தான் பெரும்பாலும் காரணம். பிஎச்பி மட்டும் உள்ள ஃபைலில் அந்த மூடும் குறியே வேண்டாம். எச்சரிக்கைச் செய்திகளைத் திரையில் காட்டும் செட்டிங்கையும் சர்வரில் அணைத்து, லாக் (பதிவு) ஃபைலுக்குத் திருப்புங்கள், இல்லையென்றால் அவை எச்டிஎம்எல் டேக்குகளோடு வந்து ஆவணத்தின் நடுவே உட்கார்ந்துகொள்ளும்.

பிழை தேடும்போது பிரவுசர் அழகாக விரித்துக் காட்டுவதை நம்பாதீர்கள். கர்ல் கட்டளையால் பதிலை ஃபைலில் சேமித்து, முதல் சில பைட்டுகளை ஹெக்ஸில் (16 அடிமான எண்களில்) பாருங்கள். சோப் கிளையன்ட் என்றால் டிரேஸை (போய்வரும் செய்திகளைப் பதிந்துவைக்கும் வசதியை) இயக்கி, கடைசியாக அனுப்பிய கோரிக்கையை எடுத்துப் படியுங்கள்.

டிஜிட்டல் கையொப்பம் இடும் சேவையாக இருந்தால், கையொப்பம் இட்ட பிறகு படிக்க வசதியாக இருக்கட்டும் என்று இண்டென்ட் (வரி தொடக்கத்தில் இடைவெளி) சேர்க்கவே கூடாது. டேக்குகளுக்கு இடையில் உள்ள வெற்றிடமும் ஆவணத்தின் உள்ளடக்கம்தான், அது மாறினால் சரிபார்ப்பு தோற்றுவிடும்.