வால்பாறைக்கு முதல் முறையாகப் போகிறீர்களா?

பொள்ளாச்சியிலிருந்து 65 கிலோமீட்டர்தானே என்று மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பாதீர்கள். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். காலையிலேயே ஏறினால், பனி மூடாத நாளில் 9-வது வளைவில் நின்று ஆழியாறு அணையை முழுசாகப் பார்க்கலாம்; அதிர்ஷ்டம் இருந்தால் வரையாடும் கண்ணில் படும். பிள்ளைகளுக்கு வயிறு முட்ட ஊட்டிவிட்டு ஏறவேண்டாம், பிறகு ஒவ்வொரு வளைவிலும் வண்டியை நிறுத்த வேண்டிவரும்!

ஜூன், ஜூலையில் மழை கொட்டும், அட்டையும் ஏறும். கையில் உப்புப் பொட்டலம் இருக்கட்டும். வால்பாறைக்குப் பக்கத்தில் புதுத்தோட்டம் எஸ்டேட்டில் சிங்கவால் குரங்குகள் சாலைக்கே வரும். மெதுவாக ஓட்டுங்கள், தீனி போடாதீர்கள். இருட்டிய பிறகு தேயிலைத் தோட்டப் பக்கம் நடக்கவே கூடாது. யானை, சிறுத்தை நடமாடும் இடம்.