மூன்று வரி மாற்றம், நானூறு வரி டிஃப்: புல் ரிக்வெஸ்ட் அனுப்பும்போது தவிர்க்க வேண்டியவை

காரைக்குடியில் கல்லூரி மாணவர்கள் சிலருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கிட் (நிரலில், அதாவது கோடில், செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி) சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் ஒரு பையன் முகம் வாடி வந்தான். ஒரு திறமூலத் திட்டத்துக்கு புல் ரிக்வெஸ்ட், அதாவது 'என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்ற கோரிக்கை, அனுப்பியிருந்தான். "அண்ணே, மூணு வரிதான் மாத்துனேன். பார்க்காமலே மூடிட்டாங்க."

எந்தெந்த வரி மாறியது என்று காட்டும் டிஃபைத் திறந்தேன். நானூறு வரிக்கு மேல் சிவப்பும் பச்சையுமாகக் கிடந்தது. கோப்பைச் சேமித்தபோது அவன் எடிட்டரில் இருந்த, கோடின் வடிவத்தைத் தானே ஒழுங்குபடுத்தும் ஃபார்மேட்டர் ஒற்றை மேற்கோள்குறிகளை இரட்டையாக்கி, டேப்களை ஸ்பேஸ்களாக மாற்றிவிட்டது. அவன் திருத்திய மூன்று வரி அதற்குள் எங்கேயோ புதைந்துவிட்டது. ரிவ்யூ செய்பவர் பல நேரம் தன் வேலை முடிந்த பிறகு, சம்பளமில்லாமல் உட்கார்ந்து பார்ப்பவர். அவர் எப்படித் தேடிக் கண்டுபிடிப்பார்?

நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். கமிட் செய்யும் (மாற்றத்தைப் பதிவுசெய்யும்) முன் 'கிட் டிஃப்' போட்டு ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். 'கிட் ஆட்' கட்டளையோடு '-பி' சேர்த்தால் மாற்றங்களைத் துண்டு துண்டாகக் காட்டிக் கேட்கும். நமக்குச் சம்பந்தமில்லாததை அங்கேயே விட்டுவிடலாம்.

அடுத்தது, கேட்காமல் பெரிய மாற்றத்தில் இறங்குவது. எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளுக்குப் பங்காளிகள் பலர். தன் பங்கு அறைக்குள் ஒருவர் என்ன செய்தாலும் கேள்வியில்லை. பொது வளவில் கை வைப்பதென்றால் எல்லோரையும் கேட்க வேண்டும். உங்கள் ஃபோர்க் (திட்டத்தின் உங்கள் சொந்த நகல்) உங்கள் அறை, மூலத் திட்டம் வளவு. முதலில் திட்டத்தின் பக்கத்தில் ஒரு இஷ்யூ (விவாதப் பதிவு) திறந்து, இப்படிச் செய்யலாமா என்று கேளுங்கள்.

பங்களிப்பவர்களுக்கான விதிகளைச் சொல்லும் 'கான்ட்ரிபியூட்டிங்' கோப்பைக் கடைசியில் படிப்பதும் வீண் வேலை. எந்த பிராஞ்சில் (திட்டத்தின் எந்தக் கிளையில்) தொடங்குவது, டெஸ்டை எப்படி ஓட்டுவது என்பதெல்லாம் கோடு எழுதும் முன் தெரிய வேண்டியவை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு கிட்ஹப் புல் ரிக்வெஸ்ட்டே ஆகாது. பேட்ச்சை (மாற்றங்கள் அடங்கிய உரையை) மின்னஞ்சலில்தான் அனுப்ப வேண்டும்.

கெர்னல் கேட்கும் 'சைன்ட்-ஆஃப்-பை' வரியை வெறும் சடங்காக நினைக்கிறார்கள். எஸ்சிஓ நிறுவனம் 2003-இல் ஐபிஎம் மீது வழக்குப் போட்டு, லினக்ஸ் கோடு யாருக்குச் சொந்தம் என்ற சர்ச்சை கிளம்பியது. அதன்பின் 2004-இல் வந்த ஏற்பாடு இது. 'இந்தக் கோடைத் தர எனக்கு உரிமை உண்டு' என்று உங்கள் பெயரில் தரும் உறுதி. எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய கோடுக்குக் கீழே அதைப் போடாதீர்கள். ஏஐ எழுதிய கோடு என்றால் அந்தத் திட்டத்தின் விதியைப் பாருங்கள். ஜென்டூ என்ற லினக்ஸ் திட்டம் 2024-இல் அதைத் தடையே செய்துவிட்டது.

அப்புறம், ரிவ்யூவில் திருத்தம் கேட்டால் புதிய புல் ரிக்வெஸ்ட் திறக்க வேண்டாம். திருத்தத்தை அதே பிராஞ்சில் புஷ் செய்தால் (ஏற்றினால்) போதும்.

அந்தப் பையன் ஃபார்மேட்டரை அணைத்துவிட்டு, புது பிராஞ்சில் மூன்று வரியை மட்டும் அனுப்பினான். இரண்டு நாளில் பதில் வந்தது: இதற்கு ஒரு டெஸ்ட் எழுத முடியுமா? இப்போது அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறான்.