எலி பிழைத்தது என்று படித்தால் அடுத்து எதைப் பார்ப்பது?

பெரம்பூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு ராத்திரி, ஷட்டரைப் பாதி இறக்கிய நேரத்தில் ஒரு தம்பி ஓடி வந்தான். "அண்ணா, மெலடோனின் ஒரு அட்டை கொடுங்க." மெலடோனின் என்பது ராத்திரியில் மூளையில் சுரந்து தூக்கத்தை வரவைக்கும் ஹார்மோன், மாத்திரையாகவும் வருகிறது. அவன் அப்பா செப்சிஸ் (கிருமித் தொற்றுக்கு உடல் தாறுமாறாக எதிர்வினை காட்டி, உறுப்புகள் கெடும் நிலை) வந்து ஐ.சி.யூ.வில் இருக்கிறார். மெலடோனின் கொடுத்த எலிகள் பிழைத்துக்கொண்டன என்று ஓர் ஆய்வுக் கட்டுரை அவன் போனில் இருந்தது. ஸ்டூலில் உட்காரவைத்து, இருவருமாகப் படித்தோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ராத்திரி வரலாம், அதனால் எழுதுகிறேன்.

தலைப்பை விட்டுவிட்டு, ஆய்வு செய்த முறையைச் சொல்லும் பகுதிக்குப் போங்கள். எலிக்கு செப்சிஸை எப்படி வரவழைத்தார்கள்? எல்.பி.எஸ். என்றிருந்தால், சில வகை பாக்டீரியாவின் மேலுறையில் இருக்கும் நச்சை மட்டும் ஊசியில் ஏற்றியிருக்கிறார்கள். உயிருள்ள கிருமி அதில் இல்லை. சி.எல்.பி. என்றிருந்தால், வயிற்றைத் திறந்து, பெருங்குடல் தொடங்கும் இடத்தைக் கட்டி, ஊசியால் துளைத்து, மலத்தைக் கசியவிட்டிருக்கிறார்கள். குடல்வால் வெடித்த நோயாளியின் நிலைக்கு இது நெருக்கம். நான் இதைத்தான் கூடுதலாக நம்புவேன்.

அப்புறம் நேரம். பல ஆய்வுகளில் மெலடோனினைக் கிருமி பரவுவதற்கு முன்போ, பரவிய கொஞ்ச நேரத்திலோ கொடுத்துவிடுகிறார்கள். தம்பியின் அப்பாவுக்கோ காய்ச்சல் தொடங்கி நாலு நாள் ஆகியிருந்தது.

அளவில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சுண்டெலிக்குக் கிலோவுக்கு 10 மி.கி. என்றால், 60 கிலோ மனிதருக்கு 600 மி.கி. என்று பெருக்கக் கூடாது. உடல் பரப்பளவை வைத்து 12.3 ஆல் வகுப்பார்கள், பெரிய எலி என்றால் 6.2 ஆல். சுண்டெலியின் 600 மி.கி. கணக்கை இப்படி வகுத்தால் சுமார் 49 மி.கி. வரும். என் கடையில் இருப்பதோ 3 மி.கி. மாத்திரை. அதற்காகப் பதினாறு மாத்திரையை விழுங்கவைத்துவிடாதீர்கள்! அது ஆய்வாளர்கள் சோதனையைத் தொடங்கப் போடும் கணக்கு. எலிக்கு வயிற்றில் ஊசியாகப் போட்டது. மாத்திரையாகப் போனால் பெரும்பகுதியைக் கல்லீரல் முதலிலேயே சிதைத்துவிடும்.

எந்த வகை எலி என்றும் பாருங்கள். ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கும் சி57பிஎல்/6 சுண்டெலிக்கு மெலடோனின் சொந்தமாகச் சுரப்பதே இல்லை எனலாம். நமக்கோ சுரக்கிறது, அதனால் அதில் கண்ட பலனை நமக்கு அப்படியே பொருத்த முடியாது.

எலியில் கண்ட பலன் பொய்யில்லை. டி.என்.எஃப். போன்ற அழற்சிப் பொருள்கள் குறைகின்றன. செல்லுக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பிழைக்கிறது. சிறுநீரகமும் நுரையீரலும் கொஞ்சம் தாங்குகின்றன. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், செப்சிஸ் வந்த 20 பச்சிளங் குழந்தைகளில் 10 பேருக்கு மெலடோனின் கொடுத்தார்கள். அந்தப் பத்தும் பிழைத்தன. கொடுக்காத பத்தில் மூன்று இறந்தன. எனக்கு அது பெரிய நம்பிக்கைதான், ஆனால் இருபதே குழந்தைகள்.

அட்டையை நான் கொடுக்கவில்லை. பில்லின் பின்பக்கத்தில் டாக்டரிடம் கேட்க மூன்று கேள்வி எழுதினேன்: ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) முடிவு வந்ததா, அதைப் பார்த்து ஆன்டிபயாடிக்கை மாற்றினார்களா, சிறுநீர் எவ்வளவு போகிறது. நாலாவதாக, மெலடோனின் பற்றியும் கேள் என்றேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓடினான்.