எரிமலை மண்ணில் சிக்கிய பாஸ்பரஸ்: என் அனுபவம்

எங்கள் குடும்பத்தின் எரிமலைச் சரிவுத் தோட்டத்தில், சிறப்புத்தரக் காபிக்கென வளர்த்த அரபிகா செடிகளின் முதிர்ந்த இலைகள் செம்பழுப்பேறி உதிர்ந்தன. வேரழுகலோ துருநோயோ தென்படவில்லை. தூவிய சூப்பர் பாஸ்பேட் என்னும் பாஸ்பரஸ் உரமும் பலன் தரவில்லை. காபிப் பழத்தோல் குவியலை ஒட்டிய செடிகள் மட்டும் பச்சைப்பசேலென நின்றதுதான் துப்புக் கொடுத்தது.

காரம் பட்டால் சிவக்கும் பினால்ப்தலீன் என்னும் வேதிப்பொருளில் தோய்த்து உலர்த்திய வடிதாளில் ஒரு சிட்டிகை மண்ணை வைத்து, சோடியம் புளோரைடு கரைசலை (அது நஞ்சு; கையுறை கட்டாயம்) ஒரு சொட்டு விட்டதும் தாள் சிவந்தது. அந்தச் சிவப்பு, எரிமலைச் சாம்பல் மண்ணில் மிகுந்திருக்கும் அல்லோபேன் என்னும் கனிமத்தின் அடையாளம்; அந்தக் கனிமம்தான் இட்ட பாஸ்பேட்டை வேருக்கு விடாமல் பிடித்து வைத்திருந்தது. ஆகவே உரத்தைத் தூவாமல், மக்கிய பழத்தோல் எருவுடன் கலந்து, கிளை நுனிகளுக்கு நேர் கீழே ஆழமற்ற பள்ளம் கீறி இட்டு மூடினேன். பழைய இலைகள் தேறவில்லை. மழைக்குப் பின் வந்த தளிர்கள் கரும்பச்சையாக முதிர்ந்தபோதுதான் நிம்மதி வந்தது.