வலி குறைந்த நாளில்தான் கவனம் வேண்டும்

பல்லடம் பக்கம் தறிக்குடோனிலோ, பொள்ளாச்சித் தோப்பில் தென்னையிலிருந்து விழுந்தோ அடிபட்டு, 3 மாதம் கடந்தும் வலி தொடர்ந்தால் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள் மருத்துவர்கள். எலும்பு கூடியிருக்கும், ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல்கூட இருக்கலாம். ஆனாலும் நரம்புகள் வலியை அனுப்பிக்கொண்டே இருக்கும். அது பொய் வலி இல்லை. வீட்டில் உள்ளவர்கள் இதை முதலில் நம்ப வேண்டும்.

வலி வரும்வரை வேலையை இழுக்காதீர்கள், வருவதற்கு முன்பே நிறுத்துங்கள். 30 நிமிடம் நின்றால் இடுப்பு பிடிக்கிறதா? செல்போனில் 20 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். பனியன் கம்பெனி செக்கிங் டேபிளானாலும் சரி, மாட்டுக்குத் தீவனம் போடுவதானாலும் சரி, அலாரம் அடித்ததும் கொஞ்சம் உட்காருங்கள். "இன்னிக்குப் பரவாயில்லீங்க" என்று மொத்த வேலையையும் இழுத்துப் போட்டால் மறுநாள் படுக்கைதான். வலி கூடிய நாளிலும் முழுக்கப் படுத்துவிடாமல் வாசல்வரையாவது நடங்கள். ஒரு வாரம் தாங்கினால், அப்புறம் அலாரம் நேரத்தில் 2 நிமிடம் கூட்டலாம்.

மருத்துவரைக் கேட்காமல் தினமும் வலி மாத்திரை போட்டால் வயிறும் சிறுநீரகமும் கெடலாம். முதுகில் அடிபட்டவர்களுக்குக் கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.